தரையின் குளிரும் காற்று மெத்தையும்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் நாட்டு முதுமொழி. மைசூரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் இதனைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டவர் பலர். உடலால் உணர்ந்தவர் மிகச் சிலர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரம் வெயிலிலும் மிதம், குளிரிலும் மிதம். தை மாதத்து விடியற்காலையில் ஒரு போர்வையும் ஒரு குவளைக் காப்பியும் இருந்தால் நமக்கு வேறொன்றும் வேண்டுவதில்லை.

ஆயின் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது இந்நகரோடு நிற்பதில்லை. சாமுண்டி மலைப் படிகளில் பொழுது புலருமுன் சென்று பார்த்தால், முதுகில் கனத்த மூட்டையைச் சுமந்துகொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் இளைஞர்களைக் காணலாம். அவர்களுள் பலர் அம்மனைத் தரிசிக்க வந்தவர் அல்லர். இமயத்துக்குப் புறப்படுமுன் காலைப் பழக்கிக்கொள்பவர்கள். இளைஞர் விடுதிச் சங்கத்தின் கங்கோத்ரி கிளையும், டென்சிங் நார்கேயின் பெயர் தாங்கிய சாகச அறக்கட்டளையும் இந்நகரில் மலையேற்ற ஆர்வத்தை நெடுநாளாக வளர்த்து வந்துள்ளன. உத்தரகண்டத்துக் கேதார்கண்டா சிகரம் 12,500 அடி. மார்கழியிலும் தையிலும் அங்கே பனியின்மேல் கூடாரம் அடித்து உறங்குகின்றனர். இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகைவரை இறங்குவது அங்கே அருமையன்று.

பிள்ளை புறப்படுகிறான், அல்லது பெண் புறப்படுகிறாள் என்றதும் வீட்டில் நடப்பது நாமெல்லாம் அறிந்ததே. கம்பளிச் சட்டை இரண்டு, கையுறை, காதை மூடும் குல்லாய், கால் மேஜோடு ஆறு சோடி, போதாக்குறைக்கு அத்தை பின்னிய கழுத்துத் துணி. உடலின் மேலே போர்த்துவதற்கு வேண்டியவற்றையெல்லாம் தாய் எடுத்து வைக்கிறாள். எதன்மேல் படுக்கப் போகிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. குளிர் வானத்திலிருந்து இறங்குகிறது என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். படுத்திருப்பவனுக்கோ அது பெரும்பாலும் கீழிருந்துதான் வருகிறது.

வருகிறது என்று சொன்னாலும், சரியாகப் பார்த்தால், குளிர் வருவதில்லை. நம் வெப்பம் போகிறது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் பாயும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் விரைந்து பாயும். நம் உடல் 37 பாகைச் சூட்டில் இருக்கிறது. பனிபடர்ந்த நிலம் சுழியத்தில் கிடக்கிறது. எட்டு மணி நேரம் அதனோடு ஒட்டிப் படுத்திருந்தால், வற்றாத கிணறு என்று நாம் எண்ணிய உடற்சூடு மெல்ல மெல்ல மண்ணுக்குள் வடிந்துவிடும். நிலத்தைச் சூடேற்றி முடிக்க எவராலும் இயலாது.

உறக்கப் பை இருக்கிறதே என்பர் சிலர். பறவைத் தூவியோ செயற்கை இழையோ அடைத்த அந்தப் பை நம்மைக் காப்பது தூவியின் மாயத்தாலன்று. தூவிகளுக்கிடையே சிறைப்பட்டு நிற்கும் காற்றினால். நாம் அதனுள் படுத்ததும் முதுகின் கீழுள்ள பகுதி நம் எடையால் நசுங்கிக் காகிதம்போல் ஆகிவிடுகிறது. காற்று வெளியேறுகிறது, காப்பும் அதனோடு போகிறது. எனவே எத்துணை விலையுயர்ந்த பையாயினும் அது மேற்புறத்துக்குத்தான் போர்வை. கீழ்ப்புறத்துக்கு வேறொன்று வேண்டும். உறக்கப் பைகளின்மேல் எழுதப்பெற்றிருக்கும் வெப்ப அளவுகளும், உலகத் தர நிர்ணய முறைப்படி, ஆளுருப் பொம்மையைப் பைக்குள் வைத்து, ஒரு விரிப்பின்மேல் கிடத்தியே கணிக்கப்படுகின்றன. விரிப்பில்லாமல் படுப்பவனுக்கு அந்த எண் பொய்த்துப்போகும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். களத்தில் காவல் காக்கும் உழவன் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கை விரித்து, அதன்மேல்தான் படுப்பான். வைக்கோல் தாள் உள்ளே துளையுடையது. தாளுக்குத் தாள் இடைவெளியும் உண்டு. அத்தனையிலும் காற்று. இலவம்பஞ்சின் சிறப்பும் அதுவே: ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற குழல். அதனால்தான் தாய்வீட்டுச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தால் குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கிறது. கன்னட நாட்டுக் குறும்ப ஆயர்கள் ஆட்டு மயிரால் நெய்த கரிய கம்பளியைப் போர்த்துவதோடு நில்லாமல் மடித்துக் கீழேயும் விரித்துக்கொள்வர். நம் கோரைப்பாயோ வெயில் நாட்டின் பிள்ளை. உடற்சூட்டை வெளியே விடுவதற்காகவே பிறந்தது. பனிக்காலத்து மலைக்கு அது ஏற்றதன்று.

வைக்கோலையும் இலவம்பஞ்சு மெத்தையையும் சுமந்துகொண்டு எவரும் 12,000 அடி ஏற இயலாது என்பதே சிக்கல். அச்சிக்கலுக்கு விடையாகத்தான் காற்றடைத்து ஊதும் மெத்தை வந்தது. தொடக்கத்தில் வந்தவை நீச்சற்குளத்தில் மிதக்கும் படுக்கையைப் போன்ற வெறும் காற்றுப் பைகள். மேடு பள்ளத்தை மறைத்தன, குளிரை மறைக்கவில்லை. சும்மா இருக்கும் காற்று நல்ல காப்பு, அசையும் காற்று நல்ல தூதன் என்பதே இதன் மறைபொருள். அகன்ற பைக்குள் உள்ள காற்று, நாம் புரளும்போதெல்லாம் கலங்கி, நம் சூட்டைத் தரைக்கும் தரையின் குளிரை நமக்கும் கொண்டு சேர்க்கிறது. அன்றியும் மேல் துணியிலிருந்து கீழ்த்துணிக்கு வெப்பக் கதிர் தடையின்றிப் பாய்கிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் விமானத் தொழிற்சாலை வேலையிழந்த பொறியியலாளர் சிலர் இதற்கொரு வழி கண்டனர். தோட்டத்தில் முழந்தாளிட்டு வேலை செய்கையில் கீழே வைத்திருந்த நுரைத் திண்டிலிருந்து காற்று பிதுங்கி வெளியேறியதைக் கவனித்தாராம் அவர்களுள் ஒருவர். காற்றுப் புகாத துணிக்குள் அந்த நுரையை வைத்து, மூலையில் ஓர் அடைப்பான் பொருத்திவிட்டால், திறந்தவுடன் நுரை தானே விரிந்து காற்றை உள்ளிழுக்கும். மூடிவிட்டால் காற்று உள்ளேயே நிற்கும். நுரை அதனை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்ளும். 1972ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தோன்றியது. பின்னர் நுரைக்கு மாறாகத் தூவியையும் செயற்கைப் பஞ்சையும் அடைத்தனர். வேறு சிலர் வெள்ளித்தாள் போன்ற மெல்லிய படலங்களை உள்ளே அடுக்கி, கதிராகச் செல்லும் வெப்பத்தைத் திருப்பியனுப்பினர். இன்று அரைக் கிலோ எடையில், ஒரு தண்ணீர்க் குப்பியளவுக்குச் சுருட்டக்கூடிய மெத்தை கிடைக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையும் சைக்கிள் டியூபும் மணந்து பெற்ற பிள்ளை என்று இதனைச் சொல்லலாம்.

இதன் வேறுபாட்டை ஒரு தை மாதத்து இரவில் நாம் நேரிற் கண்டோம். மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக ஏறத்தாழ 125 கிலோமீட்டர் சென்றால் உதகை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரைப் பாகை குளிர்கிறது என்பது கணக்கு. 2,240 மீட்டர் உயரத்து உதகை நம்மூரைவிடச் சற்றேறக்குறைய 10 பாகை குளிர்ந்திருப்பது இயல்பு. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் தலைகுந்தா முதலிய தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படிவதும் உண்டு. நாமும் நண்பர் மூவரும் அப்பக்கத்தில் தனியார் தோட்டமொன்றில் உரிமையாளர் இசைவு பெற்றுக் கூடாரம் அடித்தோம். ஒருவர் நீச்சற்குளத்துக் காற்றுப் படுக்கை கொணர்ந்திருந்தார். பார்ப்பதற்கு நால்வர் படுக்கையிலும் அதுவே உயரமானது, எனவே அவருக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. மற்றொருவரிடம் விரற்கடைப் பருமனுள்ள நுரை விரிப்பு. மூன்றாமவர் தோட்டக்காரரிடம் வைக்கோல் கேட்டு வாங்கிப் பரப்பி, சாக்கும் பவானி ஜமக்காளமும் விரித்துக்கொண்டார். நம்மிடம் செயற்கைப் பஞ்சு அடைத்த ஊது மெத்தை.

இரவு இரண்டு மணிக்கு உயரமான படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மேலே இரண்டு போர்வை, கீழே குளிர்ந்த நீர்த்தொட்டியில் படுத்தாற்போல இருக்கிறது என்றார். நுரை விரிப்பினர் புரண்டு புரண்டு படுத்தாரேனும் உறங்கினார். வைக்கோல் நண்பரின் குறட்டை அடுத்த கூடாரத்துக்கும் கேட்டது. நம் மெத்தையும் நன்றாகவே காத்தது என்றாலும், அன்றைய பரிசு வைக்கோலுக்கே உரியது என்று சொல்லத்தான் வேண்டும். எடையும் பருமனும் நோக்காதவிடத்து அதனை வெல்வது எளிதன்று.

கடைக்குச் சென்று வாங்குவோர் மெத்தையின் உயரத்தையும் வண்ணத்தையும் நோக்காது ஓர் எண்ணை மட்டும் கேட்டறிய வேண்டும். ஆங்கில எழுத்தால் அதனை ஆர் மதிப்பு என்பர். வெப்பம் கீழே செல்வதை மெத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. எண் ஏற ஏறக் காப்பு மிகும். முன்னெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் மனம்போல் அளந்து எழுதி வந்தன. 2018இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பொன்று எஃப் 3340 என்னும் பொது முறையை வகுத்தது. மெத்தையை ஊதி, 35 பாகைச் சூடுள்ள தட்டை மேலேயும் 5 பாகையுள்ள தட்டைக் கீழேயும் வைத்து, இரண்டுக்குமிடையே எவ்வளவு வெப்பம் கசிகிறது என அளக்கின்றனர். அம்முறைப்படி அளந்த எண்ணா என்று கேட்பது வாங்குவோர் உரிமை.

குடகு மலைக்கும் சிக்கமகளூருக்கும் செல்வோர்க்கு இரண்டு என்னும் எண்ணே பெரும்பாலும் போதும்; சாதாரண நுரை விரிப்பின் அளவு அது. உதகையின் உறைபனி இரவுக்கு மூன்று அல்லது நான்கு இருத்தல் நலம். இமயத்துப் பனியின்மேல் படுப்போர்க்கு ஐந்துக்குக் குறைந்தது வேண்டா. உறைந்த ஜன்ஸ்கார் ஆற்றின்மேல் நடக்கும் சாதர் பயணம் போன்றவற்றுக்கு ஆறும் அதற்கு மேலும். இங்கே நம் சிக்கனத்துக்கு உகந்த செய்தி ஒன்றுண்டு: இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். மூன்று எண்ணுள்ள ஊது மெத்தையின் கீழே இரண்டு எண்ணுள்ள நுரை விரிப்பை இட்டால் ஐந்தாகிவிடும். விலையுயர்ந்த ஒன்றை வாங்குவதினும் இது சிறந்தது என்பது நம் கருத்து. ஊது மெத்தை நள்ளிரவில் ஓட்டையாகிப் போனாலும் நுரை கைவிடாது.

பெண்மக்களை அனுப்பும் பெற்றோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே குளிரில் பெண்கள் ஆண்களைவிடச் சீக்கிரம் குளிரை உணர்வர் என்பதைத் தர நிர்ணயங்களே ஏற்றுக்கொண்டுள்ளன. உறக்கப் பையில் சௌகரிய அளவு என எழுதியிருப்பது பெண்ணுக்காகவும், அதற்குக் கீழ் எல்லை எனக் குறித்திருப்பது ஆணுக்காகவும் கணித்தவை. கடைக்காரர் பெரும்பாலும் கீழ் எல்லையைத்தான் உரக்கச் சொல்வார். மகளுக்கு வாங்குகையில் மேல் எண்ணையே பாருங்கள்; மெத்தையிலும் ஓர் எண் கூட்டியே வாங்குங்கள். நடத்திச் செல்லும் நிறுவனமே கூடாரமும் படுக்கையும் தருமாயின், கீழே விரிப்பது என்ன, ஆளுக்கு எத்தனை என்று முன்னதாகவே கேட்டு எழுத்தில் பெறுவது நன்று.

மெத்தையை ஊதுவதிலும் முறையுண்டு. வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும். தூவி நனைந்து கட்டிபடும், பூஞ்சை பிடிக்கும், கடுங்குளிரில் உள்ளேயே பனியாகவும் உறையும். அதனோடு தரும் ஊதுபையைக் கொண்டு நிரப்புவதே தக்கது. மாலையில் 15 பாகைச் சூட்டில் நிரப்பிய காற்று, நள்ளிரவில் சுழியத்துக்குக் கீழே 10 பாகைக்கு வந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு சுருங்கும். மெத்தை தளர்ந்திருக்கக் கண்டு ஓட்டையென அஞ்ச வேண்டா. படுக்குமுன் இன்னும் இரண்டு மூச்சு சேர்த்தால் போதும். மாறாக, பகல் வெயிலில் மூடிய கூடாரத்துக்குள் இறுக நிரப்பிய மெத்தையை விட்டுச் சென்றால் உள்ளறைகள் பிளந்துகொள்ளும். புறப்படும்போது அடைப்பானைச் சற்றுத் திறந்து வைத்துச் செல்லலாம்.

மெத்தை வெப்பத்தை உண்டாக்குவதன்று, காப்பது. உண்டாக்குவது வயிறு. இதனை நம்மூர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; 1961இல் மைசூரில் நிறுவப்பெற்ற பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடம், பனிமலைகளில் காவல் நிற்கும் வீரர்களுக்காகக் கெடாத சப்பாத்தி முதலிய உணவுகளை ஆக்கிப் புகழ்பெற்றது. வெறும் வயிற்றோடு படுத்தவனை எந்த மெத்தையும் சூடேற்றாது. படுக்குமுன் சூடாக ஏதேனும் உண்டு, ஈர உடையை மாற்றி, நாலடி நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு பைக்குள் நுழைதல் வேண்டும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உறக்கத்தின் சுகம் மட்டுமன்று. கீழிருந்து குளிர் ஏறும்போது மேலே எத்தனை போர்வை போர்த்தினும் நடுக்கம் அடங்குவதில்லை. அப்போதுதான் மனிதன் நெருப்பை நாடுகிறான். உதகையிலும் கொடைக்கானலிலும் கரியடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துக் கதவை மூடி உறங்கியவர்கள் விடியலில் பிணமாகக் கிடந்த செய்தியை நாளிதழ்களில் பன்முறை படித்திருக்கிறோம். எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை; உறங்குபவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். தணல் அவிந்துவிட்டது போலத் தோன்றும்போதும் அது வெளிவந்துகொண்டிருக்கும். கூடாரத்துக்குள் நெருப்பு எந்த நிலையிலும் கூடாது. அவ்வாசை எழாதபடி தடுப்பது முதுகுக்குக் கீழுள்ள விரிப்பே.

2024ஆம் ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் உத்தரகண்டத்துச் சஹஸ்ர தால் ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு பனிப்புயலிற் சிக்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலோர் நம் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். ஒன்பது பேர் உயிரிழந்தனர், எஞ்சிய 13 பேரை வான்படையினரும் மீட்புப் படையினரும் காத்தனர். மலைப்பழக்கம் இல்லாதவர் என்று அவர்களைச் சொல்வதற்கில்லை. ஏரியைக் கண்டு திரும்புகையில் புயல் வழிமறிக்க, கூடாரத்தை அடையாமல் திறந்த வெளியில் இரவைக் கழிக்க நேர்ந்தது. இன்னது இருந்திருந்தால் பிழைத்திருப்பர் என்று இங்கிருந்து தீர்ப்புரைப்பது முறையன்று. அக்காற்றிற்கு முன் எதுவும் நிச்சயமில்லை. ஆயினும் மலையேறுவோர் எல்லாரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்று அதிலிருந்து தெரிகிறது. சிறந்த மெத்தையும் உறக்கப் பையும் பின்னே கூடாரத்தில் கிடக்கின்றன. சிகரத்துக்கோ ஏரிக்கோ செல்பவன் சிறு பையோடு செல்கிறான். அச்சிறு பையில் முழங்கை நீளமுள்ள நுரைத் துண்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். காற்றடைக்க வேண்டாதது, முள் குத்தினால் கெடாதது, எடை நூறு கிராம்கூட இராது. பனியின்மேலோ பாறையின்மேலோ இரவெல்லாம் உட்கார நேர்ந்தால், அதன்மேல் உட்கார்ந்திருப்பதற்கும் வெறுந்தரையில் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர், ஒரு தட்டு நிறையப் பனிக்கட்டியைப் பரப்பி, அதன்மேல் மெத்தையின் ஒரு முனையை வைத்துக் கையூன்றி ஐந்து நிமிடம் இருந்து பார்க்கலாம். கடையிலே கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் குழந்தைகள் மகிழ்வார்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். பந்திப்பூர், நாகரஹொளே போன்ற புலிக்காடுகளில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது சட்டப்படி தடுக்கப்பட்டது. குடகிலும் நீலகிரியிலும் காட்டு வழிகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தோட்ட உரிமையாளரின் இசைவோடு அவர் நிலத்திலேயே முதல் ஓரிரவைக் கழித்துப் பார்ப்பது குடும்பத்தோடு செல்வோர்க்கு ஏற்றது. கூடாரம் அடிக்குமுன் உண்ணிச்செடியின் முள்ளையும் கூரிய கல்லையும் பொறுக்கியெறிந்துவிட்டு, கீழே கெட்டித் துணி ஒன்று விரித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு செய்தும் ஓட்டை விழுந்தால், சைக்கிள் கடைக்காரர் செய்வதையே நாமும் செய்யலாம்: சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழுமிடத்தில் ஓட்டை இருக்கும். ஆனால் அவரிடமுள்ள ரப்பர்ப் பசை இந்தத் துணியிற் சரியாகப் பிடிப்பதில்லை. மெத்தையோடு வரும் ஒட்டுத்துண்டையே பயன்படுத்த வேண்டும். ஊர் திரும்பியதும் ஒருநாள் நிழலில் உலர்த்தி, அடைப்பானைத் திறந்தபடியே விட்டு, சுருட்டாமல் பரணிலோ கட்டிலடியிலோ விரித்து வைத்தால், உள்ளே அடைத்த பஞ்சு நசுங்காமல் பல ஆண்டு உழைக்கும். பரணில் வைப்பவர்கள் எலி போகாதபடி பார்த்துக்கொள்ளவும்.